சித்தியார் அளவையியலில் உரையின் இடம்

அறியப்படும் பொருள் யாது என்னும் வினாவுக்கு முன்னே நிற்பது, அதனை அறியும் நெறி யாது என்னும் வினாவாகும். துலாக்கோலின் நேர்மை துணியப்படாதவழி, அதில் நிறுத்த பொருளின் எடையும் துணியப்படாது. நெல்லை அளக்கும் கொத்துக்கும் அறிவை அளக்கும் கருவிக்கும் தமிழ் அளவை என்னும் ஒரே பெயரை வழங்கியமை கருத்தொடு நோக்கற்பாலது. கொத்துக் குறைந்தால் வாங்குவோன் ஏமாறுவான். அறிவுக்கருவி பழுதுபட்டால் வாழ்வோன் ஏமாறுவான்.

இதனாலன்றோ அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ச் சுபக்கத்திற் பதியிலக்கணம் தொடங்குமுன் பதினான்கு திருவிருத்தங்களால் அளவையிலக்கணம் கூறியமைந்தார். அவர்தம் ஆசிரியராகிய மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தில் அளவைக்கெனத் தனிச்சூத்திரம் இல்லை. முதனூலில் விரித்துக் கூறப்படாத ஒன்றை வழிநூலாசிரியர் தம் நூலின் வாயிலிலே நிறுத்தியது வாளா செய்ததன்று. பிறர்மதங்களைப் பரபக்கத்தில் மறுத்து வந்தவர், தம்மதத்தை நிறுவப் புகும்போது, அதனை எக்கருவிகொண்டு நிறுவுகின்றார் என்பதனை முன்னரே வெளிப்படக் கூறிவிடுதல் நேர்மையென்று கொண்டனர் போலும்.

சைவசித்தாந்தத்தின்மேல் அடிக்கடி சுமத்தப்படும் குற்றம் ஒன்று உண்டு. அஃதாவது, ஆகமத்தை அளவையாகக் கொண்டமையின் அது நம்பிக்கையேயன்றி மெய்யியல் ஆகாது என்பது. அதற்கு மறுதலையாகச் சைவர் சிலர், ஆகமம் இருக்க ஆராய்ச்சி எதற்கு என்பர். இவ்விரு திறத்தாரும் உரையளவை என்பதனை ஒரே வகையாகப் பொருள்கொண்டனர். கேட்டதனைக் கேட்டவாறே ஏற்றுக்கொள்ளுதலே அது என்பது இருவர்க்கும் உடன்பாடு. சித்தியார் கூறும் உரையளவை அத்தகையதன்று என்பதும், எனினும் அதன்கண் நிரப்பப்படவேண்டிய ஓர் இடைவெளி உண்டு என்பதும், அவ்விடைவெளியை நிரப்புதற்குரிய கருத்து அம்மரபின் உரையாசிரியரிடத்தே கிடக்கின்றது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

தமிழில் அளவை மரபு

அளவையாராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில், வேதவியாசர், கிருதகோடி, சைமினி என்னும் ஆசிரியர்கள் முறையே பத்தும் எட்டும் ஆறுமாக அளவைகளைக் கொண்டனர் என்பது கூறப்படுகின்றது. தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதையில், பௌத்தர் காண்டல், கருதல் என்னும் இரண்டே கொள்வர் என்பதும், ஏதுப்போலிகளின் வகையும் விரிவாகக் காணப்படும். உலகாயதர் காண்டல் ஒன்றே கொள்வர். இங்ஙனம் ஒன்று முதற் பத்து வரையிற் பரந்துகிடந்த கொள்கைகளுக்கு நடுவே நின்று, மூன்றே அளவை என முடிவுகூறியது சித்தியார்.

இவ்வாராய்ச்சியில் யாழ்ப்பாணத்தின் பங்கும் சிறிதன்று. பதினேழாம் நூற்றாண்டிலே, போர்த்துக்கேயர் ஆட்சிக்காலத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியினின்றும் நீங்கிக் கௌடதேசஞ் சென்று தருக்கமும் வடமொழியும் பயின்று சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர், பிரமாண தீபிகை என அளவைக்கெனவே ஒரு வடமொழி நூல் இயற்றினர்; சித்தியாருக்கும் உரை கண்டனர். சுபக்கத்துக்கு உரைசெய்த அறுவருள் அவரும் ஒருவர். அவர்தம் உரையைத் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் பின்னர் கடுமையாக மறுத்தனர். இக்காலத்திலே, வி. பொன்னையா எழுதிச் சைவசித்தாந்த அறிவுக்கொள்கை எனப் பொருள்படும் தலைப்பில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலும், அறுவருரையையும் ஒப்புநோக்கி வ. ஆ. தேவசேனாபதி எழுதிச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் இத்துறையிற் குறிக்கத்தக்கன.

பத்து மூன்றில் அடங்குமாறு

காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என ஆறும், ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என நான்குமாகப் பத்தினை எண்ணி, அவையாவும் முதன் மூன்றனுள் அடங்கும் என்பர் அருணந்தியார். இவ்வடக்கம் எண்ணைக் குறைக்கும் சிக்கனம் மாத்திரம் அன்று. பகலில் உண்ணாதவன் உடல் பருத்திருப்பின் இரவில் உண்கின்றான் எனக் கொள்ளுதல் பொருளளவை. அது கருதலின் வேறன்று. நிலத்திற் குடம் இல்லை என அறிதல் அபாவம். நிலத்தைக் காணும் காட்சியே அதற்கும் போதும். ஆயிரம் உள்ளவிடத்தில் நூறு உண்டு என்பது உண்மை, அதுவும் கருதலே. இவ்வாறு ஒவ்வொன்றையும் அதனதன் வேரொடு சேர்த்துப் பார்க்கும்போது, புதிய அறிவைத் தரும் வாயில்கள் மூன்றே என்பது பெறப்படும்.

இவ்வடக்கத்துள் ஒன்று மாத்திரம் ஊன்றி நோக்கற்பாலது. அது ஐதிகம். இன்னார் கூறினர் என்பது தெரியாது உலகில் வழிவழி வழங்கும் செய்தியே ஐதிகம் எனப்படும். இந்த மரத்தில் ஒரு தெய்வம் உறைகின்றது என ஊரார் கூறுதல் அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. இதனை உரையுள் அடக்குவர். இறைவன் அருளிய ஆகமமும் உரை. ஆலமரத்துப் பேய்க்கதையும் உரை எனின், உரையளவையின் தகுதி யாதாகும்? இவ்வினா பின்னர் மீண்டும் எழும்.

காண்டலும் கருதலும்

காண்டலைப்பற்றிச் சித்தியார் கூறுவது, கண்ணாற் கண்டதெல்லாம் அறிவு என்பதன்று. ஐயம், திரிவு, விகற்பம் என்னும் குற்றங்கள் நீங்கியவழியே காட்சி அளவையாம். மாலைப்பொழுதில் நிற்பது குற்றியோ மகனோ எனத் துணியாமை ஐயம். பழுதையைப் பாம்பெனத் துணிதல் திரிவு. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் எனக் கூறுபடுத்தி அறிதல் விகற்பம். இங்ஙனம் குற்றம் நீக்கிக் கொண்ட காட்சியையும் இந்திரியக்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நால்வகைப்படுத்துவர். பொறிவழி வருவதே காட்சி என்னாது, இன்பதுன்பங்களைத் தன்னுள்ளே உணரும் உணர்வையும் காட்சியெனக் கொண்டமை, புறப்பொருளறிவு ஒன்றனையே அறிவெனக் கொள்ளும் கொள்கைக்கு ஒரு மறுப்பாக அமைகின்றது.

கருதலளவை ஏதுவின் வலியால் மறைந்த பொருளை உணர்வது. அவ்வேது, துணியப்படும் பொருளைவிட்டு ஒருபோதும் நீங்காததாதல் வேண்டும். இந்நீங்காமைத் தொடர்பே கருதலின் உயிர். ஏது இயல்பு, காரியம், இன்மை என மூவகைப்படும். கருதல் தன்பொருட்டு நிகழ்வதும் பிறர்பொருட்டு எடுத்துரைக்கப்படுவதும் என இருவகைப்படும். நாற்றத்தால் மலர் உண்மையை உணர்தலும், ஒருவன் கூறுஞ் சொல்லால் அவனறிவின் அளவை உணர்தலும், இன்று நுகரும் இன்பதுன்பங்களால் முன்செய்த வினையை உரைவழி நின்று உணர்தலும் கருதலின் பாகுபாடுகளாகக் காட்டப்படும்.

நீங்காமைத் தொடர்பு உண்டு என்பதனை எங்ஙனம் அறிவது? அடுக்களையிலும் சூளையிலும் புகையொடு நெருப்பைக் கண்டவன், காணாத மலையிலும் அவ்வாறே என எங்ஙனம் துணிவான்? உலகாயதர் எழுப்பிய இவ்வினாவையே 1739ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் டேவிட் கியூம் என்னும் ஸ்கொட்லாந்துப் பேரறிஞர் வேறொரு வகையில் எழுப்பினர். இதற்கு முற்றுமுடிந்த விடை இன்றுவரை கிட்டியதன்று. எனினும், காண்டல் ஒன்றே அளவை என்பார், அக்கூற்றினையே காண்டலால் நிறுவமாட்டார். அதனைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது கேட்போன் உள்ளத்தில் ஐயம் உண்டு எனக் கருதியே உரைக்கின்றார். அவ்வுள்ளத்தை அவர் கண்டாரல்லர். ஆகவே, கருதலை மறுப்போரும் கருதலின்மேல் நின்றே மறுக்கின்றனர் என்பது தெளிவு.

இனி, சித்தியார் போலிகளுக்கு அளித்த இடத்தை மறத்தலாகாது. பக்கப்போலி நான்கு, ஏதுப்போலி இருபத்தொன்று, எடுத்துக்காட்டுப்போலி பதினெட்டு, தோல்வித்தானம் இருபத்திரண்டு என அறுபத்தைந்து குற்றங்களைத் தொகுத்துக் கூறுகின்றது அந்நூல். ஆராய்ச்சியை அஞ்சும் சமயநூல் தவறு நிகழும் வழிகளை இத்துணை எண்ணிக் கூறவேண்டுவதில்லை.

உரையளவை

காண்டலாலும் கருதலாலும் எட்டப்படாத பொருளை அறிதற்கு வாயிலாவது உரை. அநாதியே மலமற்ற இறைவன் நூலே ஆகமம். அது முன்னொடு பின் மாறுகொள்ளாதது. தந்திரம், மந்திரம், உபதேசம் என முத்திறத்தது என்பது சித்தியார் கருத்து. இங்கே இரண்டு வரம்புகள் இடப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. ஒன்று, உரை தன் எல்லைக்கு அப்பாற் செல்லாது. காண்டலும் கருதலும் செல்லும் இடத்தில் அவற்றைத் தள்ளிவிட்டு அமரும் உரிமை அதற்கு இல்லை. மற்றொன்று, உரைப்போன் குற்றமிலியாதலும் உரை மாறுகோளின்மையும் வேண்டப்படுகின்றன. முதலாவது வரம்பு உரையின் பொருளைப் பற்றியது. இரண்டாவது அதன் தகுதியைப் பற்றியது. எனவே, சொல்லப்பட்டது என்னும் அத்துணையானே எதுவும் அளவையாகிவிடாது. சைவத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்பாரும், ஆராய்ச்சி வேண்டா என்பாரும் இவ்விரு வரம்பையும் நோக்காதவரே ஆவர்.

இக்கொள்கை ஏட்டளவில் நில்லாது வாழ்விற் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று உடுவில். செம்மண்ணும் கிணற்றுநீரும் வளம்படுத்த இவ்வூர், வலிகாமத்தின் நடுவே அமைந்தது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1820ஆம் ஆண்டில் உடுவிலில் ஒரு நிலையம் நிறுவினர். மைரன் உவின்சிலோ என்பாரின் துணைவியார் ஆரியற் உவின்சிலோ 1824ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை, பெண்கல்வி வரலாற்றிற் சிறப்பிடம் பெற்றது. உடுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களொடு தொடர்புடைய முத்துக்குமார கவிராசர் அக்காலத்தவர்; 1780 முதல் 1851 வரை வாழ்ந்தவர். ஞானக்கும்மி, இயேசுமத பரிகாரம் முதலியவற்றால் மிசனரிமாரின் போதனையை எதிர்த்து முதன்முதற் பாடியவருள் ஒருவராக அவர் மதிக்கப்படுகின்றார்.

அங்கே நேர்ந்தது யாது? ஒரே ஊரில் இரண்டு உரைகள் எதிர்ப்பட்டன. அதுவரை ஆகமம் என்றாற் சைவாகமம் ஒன்றே எனக் கொண்டிருந்த ஊரவர்க்கு, தானும் இறைவன் வாக்கே எனக் கூறும் மற்றொரு நூல் பள்ளிக்கூடத்தின் வழியே வந்து சேர்ந்தது. இருவரும் தத்தம் நூல் குற்றமிலியாகிய இறைவன் உரைத்தது என்றனர். உரைப்போன் தகுதியால் உரையை நிறுவும் நெறி இங்கே பயன்படாதாயிற்று. ஏனெனில் உரைத்தவன் யார் என்பதே வழக்கின் பொருள். எஞ்சி நின்றது மாறுகோளின்மை என்னும் அளவுகோல் ஒன்றே. ஆகவே, ஒவ்வொருவரும் மற்றவர் நூலில் மாறுகோள் காட்ட முற்பட்டனர். நல்லூர் ஆறுமுக நாவலர் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் இம்முறையில் ஒரு படி மேற்சென்றது. சைவரிடத்துக் குற்றமெனக் காட்டப்பட்ட கிரியைகளை ஒத்தன விவிலியத்திலும் விதிக்கப்பட்டுள்ளன எனக் காட்டி, எதிரியின் உரையைக்கொண்டே எதிரியின் கூற்றை மறுத்தல் அந்நூலின் நெறி.

அதே 1854ஆம் ஆண்டில், வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த ஓய்சிங்ரன் பாதிரியாரின் சிவஞானபோத, சிவப்பிரகாச, தத்துவக்கட்டளை மொழிபெயர்ப்புக்கள் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. மறுக்க வந்தோருள் ஒருவர் மறுக்கப்படும் நூலை முற்றக் கற்று மொழிபெயர்த்து உலகறியச் செய்தமை, எதிர்ப்பட்ட உரைகளுக்கிடையே அறிவு வளரக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. எனினும், மாறுகோள் காட்டும் முறை ஒரு நூலைத் தள்ளுதற்கு உதவுமேயன்றி மற்றொன்றை நிறுவுதற்கு உதவாது. மாறுகோளில்லாத பொய்யும் உலகில் உண்டு. இதுவே முதலாவது குறை.

கிணற்றுநீரும் வல்லுநர் சொல்லும்

இரண்டாவது குறை இன்னும் அணித்தானது. அது சமயவாதத்தைப் பற்றியதன்று, குடிநீரைப் பற்றியது. ஆறில்லாத குடாநாட்டிற் சுண்ணாம்புக்கற் பாறையின் துளைகளிலும் வெடிப்புக்களிலும் தேங்கி நகரும் நிலத்தடிநீரே உயிர்நாடி. அந்நீர் எத்திசையில் நகர்கின்றது என்பது காண்டலுக்கு எட்டாதது. உடுவிற் பிரதேச செயலர் பிரிவிலடங்கும் சுன்னாகத்தில், மின்னுற்பத்தி நிலையத்தின் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்னும் முறைப்பாடு எழுந்து, 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் போராட்டமாயிற்று.

அறிவு நிகழ்ந்த முறையை இங்கே படிப்படியாகக் காணலாம். வாளியில் அள்ளிய நீரின்மேற் படர்ந்த எண்ணெய்ப் படலம் காண்டல். நீரினின்றும் எழுந்த நாற்றத்தால் எண்ணெய் உண்மையை உணர்ந்தது, நாற்றத்தால் மலரை உணர்தல் போல்வதொரு கருதல். அவ்வெண்ணெய் எங்கிருந்து வந்தது என்னும் வினா அதனினும் அரிய கருதல். அது பழங்காலத்திற் சிந்தியதோ, அண்மைக்காலத்துக் கழிவோ, வேறிடத்திலிருந்து வந்ததோ என்னும் ஐயங்கள் உளவாகும்போது, ஏது பிறவிடத்தும் செல்லக்கூடியதாய்ப் போலியாகிவிடும் இடர் உண்டு. இனி, படலமும் நாற்றமும் இல்லாத கிணற்றில் மாசு உண்டா, உண்டாயின் எத்துணை, அது உடலுக்குத் தீங்கு பயக்குமா என்பன ஊரவரின் காண்டலுக்கும் கருதலுக்கும் எட்டாதவை. ஆய்வுகூடம் உடையோரின் சொல் ஒன்றே அவற்றுக்கு வாயில். சித்தியார் உரைக்கு வகுத்த இடம் சரியாக இதுவே.

ஆனால், சொல் ஒன்றாயிருந்ததில்லை. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த ஆய்வுகளும் மாகாண சபை நியமித்த வல்லுநர் குழுவின் முடிவும் தம்முள் ஒத்துச் செல்லவில்லை. குழந்தைக்கு நீர் வார்க்க நிற்கும் தாய் எவர் சொல்லை அளவையெனக் கொள்வாள்? வல்லுநர் குற்றமற்ற இறைவரல்லர். ஆயினும் அவர்தம் சொல் ஆலமரத்துப் பேய்க்கதையும் அன்று. ஆகமத்துக்கும் ஐதிகத்துக்கும் நடுவே, தவறக்கூடியவராயினும் கற்றவராகிய மனிதரின் சொல் என்னும் பரந்த வெளி ஒன்று கிடக்கின்றது. வைத்தியர் சொல், ஆசிரியர் சொல், பஞ்சாங்கக் கணிதர் சொல், செய்தித்தாளின் சொல், நீதிமன்றச் சாட்சியின் சொல் ஆகிய யாவும் அவ்வெளியில் உள்ளன. மனிதர் அறிந்தவற்றுட் பெரும்பகுதி அங்கிருந்தே வருகின்றது. அதற்குச் சித்தியார் தனியிலக்கணம் வகுத்திலது. முத்தியை நோக்கமாகக் கொண்ட நூல் அதனை விரித்தல் வேண்டா எனக் கொண்டிருக்கலாம். ஆயினும், உரையை அளவையெனக் கொண்ட மரபு, நாடோறும் கேட்கும் உரையை எங்ஙனம் சோதிப்பது எனக் கூறாது விடுதல் ஒரு குறையே என்க.

சுன்னாக வழக்கு 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் இலங்கை உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது. மாறுபட்ட அறிக்கைகளை நீதிமன்றம் எடைபோட்டு, அங்கே மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனத்தின் செயல் நிலத்தடிநீர் மாசடைதற்குக் காரணமாயிற்று எனக் கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி உரூபா இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. நீதிமன்றம் தானே கிணற்றினுள் இறங்கிக் கண்டதன்று. எந்த ஆய்வு எதனைச் சோதித்தது, எதனைச் சோதியாது விட்டது, அதன் முடிவு பிறவற்றொடு பொருந்துகின்றதா என வினவி, உரைகளைக் கருதலாற் சோதித்தது. உரையைச் சோதித்தல் உரையை இகழ்தல் ஆகாது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

நிரப்பும் கருத்து

இவ்விடைவெளியை நிரப்புதற்குப் பிறர்மனை நாடவேண்டுவதில்லை. சிவஞான முனிவர் அளவை என்பதன் உண்மையிலக்கணம் கூறுமிடத்து, ஐயந்திரிபின்றிப் பொருளைப் பற்றும் ஆன்மாவின் சிற்சத்தியே அளவை என்பர். கண்ணும் விளக்கும் நூலும் அளவையெனப்படுதல் உபசாரமே. ஏனெனில், நல்ல காட்சிக்குத் துணையான அதே கண் ஐயக்காட்சிக்கும் திரிபுக்காட்சிக்கும் துணையாகின்றது. அன்றியும், கண்ணும் விளக்கும் தாமே அறியப்படும் பொருள்களாயிருத்தலின், அறியும் அளவையாதல் கூடாது. இக்கருத்துக்குப் பௌட்கராகமம் அடிப்படை.

இதனை உரையின்மேல் ஏற்றிப் பார்க்கும்போது பெரியதோர் உண்மை புலப்படும். நூலோ வல்லுநரோ ஆய்வறிக்கையோ தன்னளவில் அளவையன்று. அதனைக் கேட்டு, ஐயமும் திரிபும் நீக்கிப் பொருளைப் பற்றும் கேட்போனது அறிவே அளவை. சொல் கைவிளக்குப் போல்வது. விளக்கை ஏந்தியவன் கண்மூடி நடந்தால் விளக்கின்மேற் குற்றமில்லை. விளக்குப் புகை சூழ்ந்ததாயின் அதனைத் துடைத்துக்கொள்ளும் பொறுப்பும் ஏந்தியவனுடையதே. ஆகவே, உரையளவை என்பது கேட்போனை அறிவின் கடமையினின்றும் விடுவிப்பதன்று. அக்கடமையை அவன்மேற் சுமத்துவதே ஆகும். உரைப்போன் தகுதி, உரையின் மாறுகோளின்மை, அதன் எல்லை, பிற அளவைகளொடு அதன் பொருத்தம் என்னும் நான்கினையும் நாடுதல் கேட்போன் தொழில். அறுபத்தைந்து போலிகளையும் சித்தியார் தொகுத்தமைக்குப் பயன் இங்கே விளங்கும். அவை எதிரியை வெல்லும் படைக்கலங்கள் மாத்திரமல்ல. தன்னறிவைத் துலக்கும் சாம்பலுமாம்.

மேலைநாட்டு மெய்யியல் இவ்விடத்துக்கு வேறு வழியால் வந்து சேர்ந்துள்ளது. பிறர்கருத்து தன் மூளையில் மிதப்பதால் ஒருவன் அறிவுடையனாகான் என்னும் கருத்துடைய யோன் லொக், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் உரைக்கு இடமளிக்க மறுத்தனர். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, சி. ஏ. யே. கோடி என்பார் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறர் சொல்லை அறிவுக்கு இன்றியமையாத வாயிலெனக் கொண்டாலன்றி மனித அறிவு நிலைபெறாது என வாதித்தனர். 1994ஆம் ஆண்டில் பிமல் கிருஷ்ண மதிலாலும் அரிந்தம் சக்கரவர்த்தியும் தொகுத்து வெளியிட்ட, சொல்லால் அறிதல் எனப் பொருள்படும் நூல் இந்திய மரபையும் மேலைமரபையும் இப்பொருளில் ஒன்றுசேர்த்தது. அருணந்தியார் உரையை மூன்றனுள் ஒன்றாக நிறுத்தியது பழமைப்பற்றால் எழுந்த பிழையன்று என்பதனை இவ்வாராய்ச்சிகள் உறுதிப்படுத்துகின்றன.

தொகுத்து நோக்குமிடத்து, சித்தியார் அளவையியலின் சிறப்பு உரையை ஏற்றமையில் மாத்திரம் அன்று, அதற்கு எல்லை இட்டமையிலும் உள்ளது. குறை, குற்றமிலியின் உரையை ஆராய்ந்து, குற்றமுடைய மாந்தர் உரையை ஆராயாது விட்டமையில் உள்ளது. சிவஞான முனிவர் கருத்தை அதனொடு சேர்த்துக்கொள்ளின் அக்குறை நீங்கும். அளவைப் பதினான்கு செய்யுளையும் நெட்டுருச் செய்து ஒப்புவித்துப் பதிப்பகுதிக்கு விரைதல் மாணவர் பலரிடத்துக் காணப்படும் வழக்கம். அச்செய்யுட்களைக் கற்றவன், மேடையிற் கேட்ட சொல்லையும் அச்சிற் கண்ட சொல்லையும் அவற்றால் அளந்து பார்த்தானாயின், அன்றே அவன் அளவை கற்றவனாவான். அளவாத கொத்து வீட்டு மூலையிற் கிடந்தால் என்ன, கிடவாதொழிந்தால் என்ன?